அந்நியப் படை திரும்பும் நாளில் நாட்டை யாரிடம் ஒப்படைக்கிறது?

மாடக்குளத்தான் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற வாரம் மதுரைக்கு அருகில் ஒரு கல்லூரியில் நடந்த பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். நிலைகுலைந்த நாடுகளில் அந்நியப் படை தலையிடுவது அந்த மக்களுக்குக் காப்பா, கேடா என்பது தலைப்பு. மாணவர்கள் நன்றாகவே படித்து வந்திருந்தார்கள். ஒருவர் ஈராக் என்றால் மற்றவர் ருவாண்டா என்றார், ஒருவர் சோமாலியா என்றால் மற்றவர் வங்கதேசம் என்றார். கடைசியில் நான், நம் ஊர் நடுவர்கள் வழக்கமாகச் செய்வதைப் போல, இரு அணிக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லி, நோக்கம் நேர்மையாக இருந்தால் விளைவும் நன்மையாக முடியும் என்று தீர்ப்பளித்து, பொன்னாடையை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன். பெரியார் நிலையம் வந்து இறங்குவதற்குள்ளாகவே அந்தத் தீர்ப்பு எனக்கே உறுத்தத் தொடங்கிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நோக்கத்தை அளவுகோலாக வைத்தால் கணக்கு உதைக்கிறது. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படை அனுப்பியது கருணையினால் அல்ல. கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் இயக்கம் தன் எல்லைக் கிராமங்களைத் தாக்கிக்கொண்டிருந்ததும் பின்னால் சீனா நின்றதுமே காரணம். ஆனாலும் 1979 ஜனவரி 7 அன்று புனோம் பென் வீழ்ந்தபோது, பதினைந்து லட்சம் பேருக்கு மேல் காவு வாங்கிய ஓர் ஆட்சி அன்றோடு முடிந்தது. மறுபுறம், 1992 டிசம்பரில் அமெரிக்கப் படை சோமாலியாவில் இறங்கியது பட்டினியால் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு உணவு மூட்டைகள் போய்ச் சேர வழி ஏற்படுத்தத்தான். பத்து மாதத்தில் மொகடிஷுவின் தெருக்களில் ஒரே சண்டையில் 18 அமெரிக்க வீரர்களும் நூற்றுக்கணக்கான சோமாலியரும் மாண்டார்கள்; 1995 மார்ச்சில் ஐநா படையும் கிளம்பிப் போனது; அரசு என்று ஒன்று அங்கே அப்போதும் இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். நவீனப் படைக்கு எதிரில் இருப்பவனைத் தோற்கடிப்பது பெரும்பாலும் சில வாரத்து வேலை. அது திரும்பும் நாளில் சாவியை வாங்கிக்கொள்ள அந்த மண்ணில் ஓர் ஆள் இருக்கிறாரா, அவரை அந்த மக்கள் ஏற்றுக்கொண்டார்களா, அல்லது வந்த படையே செய்து வைத்த பொம்மையா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வங்கதேசம் பிறந்த 1971ஐப் பாருங்கள். 1970 டிசம்பர் தேர்தலிலேயே கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி வென்றிருந்தது. 1971 ஏப்ரலில் முஜிப்நகரில் ஒரு தற்காலிக அரசும் பதவியேற்றிருந்தது. இந்தியப் படை டிசம்பர் 3 முதல் 16 வரை போரிட்டது. 1972 மார்ச்சில் திரும்பிவிட்டது. ஒப்படைக்க ஆள் இருந்ததால் திரும்ப முடிந்தது. நண்பர்கள் இதை மறுக்கலாம். மறுக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

வடக்குமாசி

எண்ணெய் இருக்கும் நாட்டுக்குத்தான் இவர்கள் ஜனநாயகம் கொண்டுபோகிறார்கள். இதற்கு மேல் இதில் ஆராய என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

செல்லூர் வாசகி

வடக்குமாசி அண்ணனுக்கு: ஆப்கானிஸ்தானில் எந்த எண்ணெய்க்காக இருபது ஆண்டு இருந்தார்கள்? சோமாலியாவில்? ஒரே சாவியைக் கொண்டு எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்த்தால் பூட்டுத்தான் கெடும்.

மாடக்குளத்தான் ஐயா, உங்கள் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதில் ஒரு வசதியான ஓட்டை இருக்கிறது. ஒப்படைக்க ஆள் இல்லை என்றால் போகவே கூடாது என்று முடிவு கட்டிவிட்டால், போகாததன் கணக்கை யார் எழுதுவது? 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் ஐநா படை ஏற்கெனவே இருந்தது, சுமார் 2,500 பேர். துட்சி இனத்தவரைக் குறிவைத்த கொலைகள் தொடங்கியதும் முதல் நாளே பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள், பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது, பாதுகாப்பு மன்றம் மிச்சப் படையையும் 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொன்று சாய்க்கப்பட்டார்கள். சட்டச் சிக்கல், இறையாண்மை, வெளியேறும் திட்டம் என்று அன்று நியூயார்க்கில் பேசியவை எல்லாம் அறிவார்ந்த வாதங்கள்தான். அந்த நூறு நாளில் அவற்றால் ஓர் உயிரும் தப்பவில்லை.

லிபியாவையும் நேர்மையாகப் பேசுவோம். 2011 மார்ச்சில் கடாபியின் கவச வாகனங்கள் கிளர்ச்சி வெடித்திருந்த பெங்காசி நகரின் வாசலுக்கு வந்துவிட்டன. மார்ச் 17 அன்று மக்களைக் காக்கப் படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்ற 1973ஆம் எண் தீர்மானத்தைப் பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றியபோது இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியவர்கள் கை சுத்தம் என்று சொல்லலாம். ஆனால் அன்று இரவு பெங்காசியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்கு அந்தச் சுத்தத்தால் என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை.

மாடக்குளத்தான்

மேற்கோள்: "போகாததன் கணக்கை யார் எழுதுவது?"

இந்த அடி எனக்கு வலிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ருவாண்டாவுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதே ருவாண்டாவின் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். 1994 ஜூனில் பிரான்ஸ் படை அனுப்பித் தென்மேற்கில் ஒரு பாதுகாப்பு வலயம் அமைத்தது. அங்கே உயிர் தப்பியவர்களும் உண்டு. கொலை செய்தவர்கள் அதன் வழியாகவே அன்று சையர் எனப்பட்ட காங்கோவுக்குள் ஆயுதத்தோடு நழுவிப் போனதும் உண்டு. அங்கே அகதி முகாம்களைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். 1996இல் அந்த நாட்டிலேயே போர் மூண்டது. கிழக்குக் காங்கோ இன்றுவரை அடங்கவில்லை.

லிபியாவில் நடந்ததும் இதைப் போன்றதே. பெங்காசியைக் காப்பது என்ற பணி மார்ச் மாதத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் நேட்டோ கூட்டணியின் குண்டுவீச்சு அக்டோபர் வரை நீண்டது. மக்களைக் காப்பது என்று தொடங்கியது ஆட்சியைக் கவிழ்ப்பது என்று முடிந்தது. அக்டோபர் 20 அன்று கடாபி சிர்த்தில் கொல்லப்பட்டார். அந்த மாத இறுதியிலேயே நேட்டோ தன் பணி முடிந்தது என்று அறிவித்துவிட்டது. கடாபி நாற்பத்திரண்டு ஆண்டுகளாகக் கட்சி, நாடாளுமன்றம், ஒழுங்கான ராணுவத் தலைமை எதையும் வளரவிடாமல் நாட்டைத் தன் குடும்பச் சொத்தாக வைத்திருந்தவர். அவரை எடுத்ததும் நடுத்தூண் போன பந்தல்தான். புதிய அரசு என்ன செய்தது தெரியுமா? ஆயுதக் குழுக்களை அடக்க முடியாமல் அவர்களுக்கு அரசுச் சம்பளம் போட்டது. சம்பளம் வருகிறது என்றதும் குழுக்கள் பெருகின. 2014இலிருந்து கிழக்கில் ஓர் அதிகாரம், மேற்கில் ஓர் அதிகாரம். இரண்டுக்கும் எண்ணெய்ப் பணத்திலிருந்து படியளந்தது திரிப்போலியில் உள்ள அதே மத்திய வங்கி. உலகத்தில் இப்படி ஒரு கூத்து வேறெங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

கடாபியின் படையில் இருந்த, சகாராப் பாலைவனத்துத் துவாரெக் இன வீரர்கள் தங்கள் துப்பாக்கிகளோடு தெற்கே மாலிக்குத் திரும்பினார்கள். 2012இல் மாலியின் வடபாதி அரசின் கையைவிட்டுப் போனது. அதைச் சரிசெய்ய 2013 ஜனவரியில் பிரான்ஸ் மீண்டும் படை அனுப்பியது. 2022 ஆகஸ்டில் மாலியின் ராணுவ ஆட்சியாளர்கள் வேண்டாம் என்று சொல்ல, அங்கிருந்தும் கிளம்பியது. ஒரு தலையீடு அடுத்த தலையீட்டுக்கு விதை போடுகிறது என்பதற்கு இதைவிட நேரான சங்கிலி கிடைக்காது.

மேலூர்க்காரன்

நான் படித்தவன் அல்லன், சமையல்காரன். இருந்தாலும் இதில் ஒரு செய்தியைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். 2003ஆம் ஆண்டுக் கடைசியில் குவைத்தில் வேலை என்று சொல்லி ஒரு முகவர் என்னை அழைத்துப்போனார். குவைத்தில் பதினோரு நாள் ஒரு கொட்டகையில் இருந்தோம். பன்னிரண்டாம் நாள் ஏற்றிய பேருந்து ஈராக்கில் ஓர் அமெரிக்க ராணுவ முகாமின் சமையல்கூடத்து வாசலில் நின்றது. பாஸ்போர்ட் எங்கள் கையில் இல்லாததால் பேசாமல் வேலையைப் பார்த்தோம்.

அந்தச் சமையல்கூடத்தில் நான் வியந்தது ஒன்றுதான். அரிசி, முட்டை, லெட்டூஸ் இலை, குடிக்கிற தண்ணீர் வரைக்கும் எல்லாம் குவைத்திலிருந்து லாரியில் வந்தது. முகாமுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் தக்காளி விளைந்தது, பேரீச்சந்தோப்பு இருந்தது, ஒரு கிலோ தக்காளி அங்கிருந்து வாங்கி நான் பார்த்ததில்லை. பாதுகாப்புக் காரணம் என்று சொன்னார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இத்தனை ஆயிரம் பேர் மூன்று வேளை சாப்பிடுகிற இடத்தின் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு அதனால் ஒரு ரூபாய் வருமானம் இல்லை என்றால், அந்த ஊர் அந்த முகாமை எப்படிப் பார்க்கும்?

காலையில் வாசலில் தினக்கூலிக்கு ஆள் எடுப்பார்கள். குப்பை அள்ள, மணல்மூட்டை நிரப்ப. அந்த வரிசையில் ஒருவர் எனக்குப் பழக்கமானார். ஐம்பது வயது இருக்கும். குப்பைத்தொட்டியைத் தூக்கும்போதும் சட்டைப் பித்தான் கழுத்துவரை போட்டிருப்பார். பழைய ராணுவத்தில் டாங்கி மெக்கானிக், இருபத்தியிரண்டு வருடச் சேவை. அந்த ஆண்டு மே மாதம் ஒரு நாள் வானொலியில் ராணுவம் கலைக்கப்பட்டது என்ற அறிவிப்பைக் கேட்டதாகவும், மறுநாளும் வழக்கம்போல் சீருடை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்ததாகவும் அரைகுறை இந்தியில் சொன்னார். அவருடைய தம்பி எங்கே என்று கேட்டேன். அவனும் ராணுவம்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்காதே என்றார். நான் கேட்கவில்லை. எங்கள் முகாமின் மீது ராத்திரியில் மார்ட்டார் குண்டு விழும்போதெல்லாம் எனக்கு அந்தத் தம்பி ஞாபகம் வரும்.

மாடக்குளத்தான்

மேலூர் அண்ணன் சொல்லும் அறிவிப்பு 2003 மே 23 அன்று, ஈராக்கை அப்போது நிர்வகித்த அமெரிக்கர் பால் பிரெமர் கையெழுத்திட்ட இரண்டாம் எண் ஆணை. ஒரு வாரம் முன்னால் வந்த முதல் ஆணை சதாம் உசேனின் பாத் கட்சி மேல்மட்டத்தவரை அரசு வேலையிலிருந்து நீக்கியிருந்தது. ஆர்ப்பாட்டங்கள் நடந்த பிறகு முன்னாள் வீரர்களுக்கு ஓர் உதவித்தொகை அறிவித்தார்கள். ஆனால் லட்சக்கணக்கானோரைத் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த வேலையற்றவர்களாக்கி அனுப்பிய வேலை அதற்குள் முடிந்துவிட்டது. 2014 ஜூனில் மோசுல் நகரத்தைப் பிடித்த ஐஎஸ் இயக்கத்தின் தளபதிகளில் பழைய ஈராக் ராணுவ அதிகாரிகள் பலர் இருந்தது தற்செயல் அல்ல. அமெரிக்கா கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய புதிய ராணுவம் அன்று மோசுலில் சீருடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியது. அதே மோசுலில்தான் நம் நாட்டுக் கூலித் தொழிலாளர் 39 பேர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி உறுதியாக நாலு வருடம் ஆனது.

ஆப்கானிஸ்தானைப் பற்றி ஒன்று மட்டும். 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் கையெழுத்தான உடன்பாடு அமெரிக்காவுக்கும் தாலிபானுக்கும் இடையில் ஆனது. காபூல் அரசு அதில் கையெழுத்திடவில்லை. அந்த அரசின் செலவில் முக்கால் பங்கு வெளிநாட்டு உதவிப் பணம். அதன் விமானங்களைப் பழுது பார்த்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். ஒப்பந்தக்காரர்கள் கிளம்பியதும் விமானங்கள் பல தரையில் நின்றன; 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் சண்டையின்றி வீழ்ந்தது. தன் மக்களின் வரிப்பணத்தை நம்பியிராத அரசு தன் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் இருபது ஆண்டு இருந்துவிட்டது. மக்கள் அதைக் காக்க எழவில்லை என்பதில் எனக்கு வியப்பு இல்லை.

கல்வெட்டு வாத்தியார்

வாஷிங்டன், காபூல் என்று இத்தனை தொலைவு போனவர்கள் நம் ஊர்க் கோட்டை வாசலை மறந்துவிட்டீர்களே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. நிலைகுலைந்த நாடாக மதுரையே இருந்த காலம் உண்டு. அந்நியப் படையை அழைத்தவர்களும் நம்மவர்களே.

12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பாண்டியர் அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் போட்டியிட்டார்கள். மதுரையில் முற்றுகைக்குள் சிக்கிய பராக்கிரமன், இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினான். லங்காபுரன் என்னும் தண்டநாயகன் தலைமையில் படை கிளம்பியது. அது வந்து சேர்வதற்குள் மதுரை வீழ்ந்து, அழைத்தவனே மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். அழைத்தவன் இறந்த பிறகு அழைக்கப்பட்டவன் திரும்பிப் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. தப்பிய மகன் வீரபாண்டியனை அரியணை ஏற்றுவது என்று நோக்கம் மாற்றி எழுதப்பட்டது. லிபியாவில் நோக்கம் மாறியதைப் பற்றி மேலே எழுதியிருக்கிறீர்கள், அதேதான். இலங்கைப் படை ராமேசுவரத்தைப் பிடித்து, ஊர் ஊராகப் போரிட்டு மதுரையை அடைந்து வீரபாண்டியனுக்கு முடிசூட்டியது.

குலசேகரன் சும்மா இருப்பானா? சோழன் இரண்டாம் இராசாதிராசனிடம் ஓடினான். சோழர் படை பெருமான்நம்பிப் பல்லவராயர் தலைமையில் வந்தது. லங்காபுரன் உள்ளிட்ட தண்டநாயகர்களின் தலைகளை மதுரை வாசலில் ஆணியடித்து வைத்ததாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. (இலங்கையின் சூளவம்சம் இதே போரை முழு வெற்றி என்று பாடுகிறது, வென்றதாக இருபுறமும் எழுதிக்கொள்ளும் வழக்கம் புதியது அன்று.) அந்தப் போரின் அச்சம் எத்தனை தூரம் பரவியது என்பதற்குக் காஞ்சிப் பக்கத்து ஆற்பாக்கம் கல்வெட்டு சாட்சி: ஈழப்படை வந்துவிடுமோ என்று அஞ்சி இருபத்தெட்டு நாள் பூசை நடத்தச் செய்திருக்கிறார்கள்.

இதில் என் மாணவர்களுக்கு நான் எப்போதும் நிறுத்திச் சொல்லும் இடம் அடுத்து வருகிறது. சோழன் தன் செலவில் அரியணை ஏற்றிய குலசேகரன், சில காலத்திலேயே அதே இலங்கை மன்னனோடு இரகசியமாகக் கைகோத்துச் சோழனுக்கு எதிராகத் திரும்பினான். சோழனோ பக்கம் மாறி, முன்பு தான் துரத்திய வீரபாண்டியனை ஆதரித்தான். அந்த வீரபாண்டியனையும் பிறகு மூன்றாம் குலோத்துங்கன் தோற்கடித்து, விக்கிரம பாண்டியன் என்று இன்னொருவனை அமர்த்தினான். பின்னொரு படையெடுப்பில் மதுரையின் முடிசூட்டு மண்டபத்தையே இடித்தான். 1216இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தி அந்தக் கணக்கைத் தீர்த்தான். சோழனைக் காக்கக் கன்னட நாட்டு ஹொய்சாளர் வந்தார்கள். வந்தவர்கள் திருவரங்கத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரிலேயே தங்கிவிட்டார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் உதவிக்கு வந்தவனின் தலைநகரே எரிந்தது.

பட்டிமன்றத்தில் ஒரு பிள்ளையாவது இதைச் சொல்லியிருந்தால் பொன்னாடையை அவனுக்குக் கொடுத்திருக்கலாம்.

முகாம் மகள்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மதுரைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அகதி முகாமில் பிறந்தவள் நான்; 2021இலிருந்து அதை மறுவாழ்வு முகாம் என்று அழைக்கிறார்கள். எங்கள் குடும்பம் வடமராட்சிப் பக்கம். 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபோது மன்னாருக்கு வந்து, படகேறி, மண்டபம் வழியாக இங்கே வந்தார்கள். ஆப்கானிஸ்தான் வரை பேசிய பெரியவர்கள் யாரும் 1987ஐத் தொடாதது ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. தொட்டால் சுடும்.

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொட்டலங்களைப் போட்டதை என் அப்பம்மா மொட்டை மாடியிலிருந்து பார்த்தவர். ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மறுநாளே இந்திய அமைதிப்படை வந்து இறங்கியபோது, எங்கள் ஊரில் கோலம் போட்டு வரவேற்றிருக்கிறார்கள். "ஆலாத்தி எடுத்து, பொட்டு வைச்சு, எங்கட பிள்ளையள் மாதிரி உள்ளை கூப்பிட்டனாங்கள்" என்று அப்பம்மா சொல்வார். படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்ட அக்டோபர் 10ஆம் தேதியோடு அது முடிந்தது. தீபாவளி நாளில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கள் முகாமில் எல்லாரும் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பார்கள். அப்பம்மா அன்று முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்.

மாடக்குளத்தான் ஐயா தோஹா உடன்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றியது இதுதான்: 1987 ஒப்பந்தத்திலும் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரு தரப்பில் ஒரு தரப்பின் கையெழுத்து இல்லை. இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன. புலிகள் வற்புறுத்தலுக்குப் பணிந்து சில ஆயுதங்களை ஒப்படைத்தார்கள், மனத்தால் ஏற்கவில்லை. தமிழர்களுக்காக வந்த படை தமிழர்களோடு மோதியது. சிங்களவர் நாட்டில் ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சி அதே படையைக் காரணம் காட்டிக் கிளர்ச்சி நடத்தியது. பிறகு ஜனாதிபதியான பிரேமதாசா அந்தப் படையை வெளியேற்றுவதற்காகப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். கல்வெட்டு வாத்தியார் ஐயா சொன்ன பக்கம் மாறும் கதைக்கு எண்ணூறு வருடம் பின்னோக்கிப் போக வேண்டியதில்லை.

எங்கள் வரிசையில் நாலாவது வீட்டில் திருகோணமலைப் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறார். 1989இல், ஒப்பந்தப்படி அமைந்த வடகிழக்கு மாகாண அரசுக்காரர்கள் தங்கள் படைக்கு ஆள் சேர்த்தபோது அவருடைய மூத்த மகனைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பிடித்துப்போனார்களாம். பதினேழு வயது. அதைப் பிள்ளைபிடி என்றுதான் இன்றும் சொல்வார். செக்கிங் நாளில் குடும்ப அட்டையைக் காட்ட வரிசையில் நிற்கும்போது, அதிகாரி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அந்த மகனையும் சேர்த்தே எண்ணிக்கை சொல்வார்.

இந்த இழையில் அந்தப் படையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால், மாடக்குளத்தான் ஐயாவின் கேள்வியையே நானும் கேட்கிறேன். திரும்பும்போது யாரிடம் ஒப்படைத்தீர்கள்?

வடக்குமாசி

நான் மேலே எழுதிய ஒற்றை வரிக்காக வெட்கப்படுகிறேன், தங்கச்சி.

திருமங்கலம் ஓய்வு

அம்மா, நான் இருந்தேன். என் படைப்பிரிவின் பெயரைச் சொல்லவில்லை, மன்னிக்கவும். 1983இல் திருமங்கலத்தில் நடந்த ஆள்சேர்ப்பில் தேறி டிரைவராகச் சேர்ந்தவன். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியபோது, பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் நாலே பேர். அன்றிலிருந்து என்னை வண்டி ஓட்ட விடவில்லை. அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார்கள்.

அந்த வேலையைப் பற்றி நான் வீட்டில்கூடப் பேசியதில்லை. சுற்றிவளைப்பு என்றால் ஊர் ஆண்களை எல்லாம் கோயில் முன்றிலில் உட்கார வைப்பார்கள். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவனை ஜீப்பில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக அவன் முன்னால் நடத்துவார்கள். அவன் தலை அசைந்தால் அந்த ஆளைத் தனியே நிறுத்த வேண்டும். எழுந்து நில், சட்டையைத் தூக்கு, தோளைக் காட்டு என்று இந்தியில் வருவதைத் தமிழில் சொல்வது நான். கண்ணிவெடியில் எங்கள் வண்டி சிதறி, காலையில் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்களைச் சாக்கில் அள்ளிய நாட்களும் உண்டு. அதற்கு அடுத்த மணிநேரத்தில் எங்கள் ஆட்கள் அந்தத் தெருவுக்குள் போனால் என்ன நடக்கும் என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ எங்கட பிள்ளையோ, அவையின்ர பிள்ளையோ?" என்று கேட்டார். கேப்டன் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். தண்ணீர் கேட்கிறார் என்று சொன்னேன். நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னது அது ஒன்றுதான்.

எங்கள் தரப்பில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். எதற்காக என்று அவர்கள் வீட்டாருக்குச் சொல்ல இன்றுவரை ஒரு நல்ல வாக்கியம் கிடைக்கவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரியா தவறா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

செல்லூர் வாசகி

ஐயா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்களிடம் வாதம் செய்ய எனக்கு மனமில்லை. ஒரு கேள்வி மட்டும். 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் அதே இந்திய ராணுவம் சில மணிநேரத்தில் வேலையை முடித்ததே. அங்கே கைகூடியது இங்கே ஏன் கைகூடவில்லை?

திருமங்கலம் ஓய்வு

அம்மா, மாலேயில் அதிபர் கயூம் தானே உதவி கேட்டார். அரசும் காவலர்களும் அலுவலகங்களும் அப்படியே இருந்தன. ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்கள் கூலிப்படையினர், ஊருக்கு அந்நியர். திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரிடம் விடைபெற்று வருவது போன்ற வேலை அது. நாங்கள் போன இடத்தில் வீட்டுக்காரர் யார் என்பதே வழக்கு.

மாடக்குளத்தான்

என் பட்டிமன்றத் தீர்ப்பைத் திருத்தி அந்தக் கல்லூரிக்குக் கடிதம் எழுதப் போகிறேன். செல்லூர் வாசகியின் ருவாண்டாவுக்கு அதிலும் பதில் இருக்காது. அங்கே போயிருக்க வேண்டும், கொலையை நிறுத்தும் அளவுக்கு மட்டும் என்று எழுதுவேன். அந்த அளவு எது என்று மாணவர்கள் கேட்டால் திணறுவேன். கம்போடியாவிலும் அந்த அளவு தாண்டப்பட்டது. கொலையை நிறுத்திய வியட்நாம் பத்து ஆண்டு அங்கே உட்கார்ந்திருந்தது, அதைத் தண்டிக்கிறோம் என்று உலகம் கெமர் ரூஜ் தரப்புக்கே ஐநா இருக்கையைத் தொடர்ந்து கொடுத்தது. வங்கதேசத்தையும் நான் கொஞ்சம் கூடுதலாக மெச்சிவிட்டேன். நாம் ஒப்படைத்த முஜிபுர் ரகுமானே 1975 ஆகஸ்டில் தன் சொந்த ராணுவத்தினரால் கொல்லப்பட்டார். ஆயினும் அது அவர்கள் நாட்டுக்குள் அவர்கள் தீர்த்துக்கொண்ட வழக்கு.

திருமங்கலத்து ஐயா, முகாம் மகளின் கேள்வி இன்னும் நிற்கிறது. எழுத விருப்பம் இருந்தால் மட்டும்.

திருமங்கலம் ஓய்வு

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

1989 இறுதியில் நாங்கள் கிழக்கு மாகாணத்து ஊர் ஒன்றில் இருந்தோம். தங்கியது ஒரு பள்ளிக்கூடம். கிளம்புவதற்கு முதல் நாள் அந்தப் பள்ளியின் எழுத்தரை வரவழைத்தோம். அவர் ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து, வகுப்பு வகுப்பாகப் போய் மேசை, வாங்கு (பெஞ்சு), கரும்பலகை எல்லாவற்றையும் எண்ணினார். வாங்கில் ஆறு குறைந்தது. மழைக்காலத்தில் விறகுக்காக எரித்தது நாங்கள்தான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, பழுதடைந்தவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கிக்கொண்டார்.

மாகாண அரசு 1988 நவம்பர் தேர்தலில் வந்தது. வடக்கில் போட்டியே இல்லாமல் வந்த தேர்தல். நாங்கள் போன பிறகு தன்னைக் காத்துக்கொள்ளவென்று அது முன்கூட்டியே ஒரு படையைத் திரட்டியது. பயிற்சியும் ஆயுதமும் நாம் கொடுத்தவை. நீங்கள் சொன்ன பிள்ளைகள்தாம் அவர்கள். மறுநாள் விடியற்காலையில் நாங்கள் வண்டியில் ஏறியபோது பள்ளி வாசலில் காவலுக்கு அவர்களில் நாலு பேர் நின்றார்கள். சீருடை தோளில் நிற்காமல் தொங்கியது. ஒருவன் என்னிடம் வந்து, லாரியில் ஓர் ஆளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டான். நான் ஹவில்தாரிடம் இந்தியில் கேட்டேன். அவர் இல்லை என்றார். அதைத் தமிழில் அவனிடம் சொன்னது நான்தான்.

சில வாரங்களில் அந்தப் படை இருந்த இடம் தெரியவில்லை என்று கப்பலில் வரும்போது கேள்விப்பட்டேன்.

முகாம் மகள்

அந்த ஊரின் பெயர் என்ன, ஐயா?

திருமங்கலம் ஓய்வு

பொதுவில் எழுத விருப்பமில்லை, அம்மா. தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.